ரப்பர் இலாகா

எங்கள் வீட்டில் நிதி, கல்வி, உணவு, வெளியுறவு எல்லாம் மனைவியிடம். எனக்கு ஒதுக்கப்பட்டது ரப்பர். குக்கர் கேஸ்கட், குழாய் வாஷர், கேஸ் டியூப், ஹவாய் செருப்பின் வார், இவை என் ஆளுகைக்கு உட்பட்டவை. இந்த இலாகாவுக்கு நிதி ஒதுக்கீடு கிடையாது. அதனால் எதையும் மாற்ற முடியாத நான், அது ஏன் கெட்டது என்று விளக்குவதில் தேறிவிட்டேன்.

"குக்கர் ஏன் விசிலடிக்கல?" என்று கேட்டால் 1839-லிருந்து தொடங்குவேன். பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கடனுக்காகச் சிறை போனாலும் விடவில்லை. கந்தகம் கலந்து சூடாக்கினால் ரப்பர் நிலைபெறும் என்று அந்த ஆண்டில் கண்டுபிடித்தார். அதுவரை பிழிந்த இடியாப்பம்போல் தனித்தனியாகக் கிடந்த நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் அங்கங்கே முடிச்சுப் போட்டு வலையாக்கிவிடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கே வரும்.

"அதுல அவர் எவ்வளவு சம்பாதிச்சார்?"

"1860-ல் சாகும்போது சுமார் 2 லட்சம் டாலர் கடன்."

"ஆள் பாத்துத்தான் பின்பற்றுறீங்க."

நான் அசரவில்லை. முடிச்சு விழாத இடங்களில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய மிச்சம் இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இடம் பார்த்துத்தான் வேலையைக் காட்டும். இயற்கை ரப்பரில் பெரும்பாலும் மூலக்கூறுச் சங்கிலியே அறுபடும். நான் மேசை இழுப்பறையில் சேர்த்து வைத்திருக்கும் ரப்பர் பேண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது இதனால்தான். பல குக்கர் கேஸ்கட்டுகள் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர். அதில் சூடு ஏற ஏறப் புதுப்புது முடிச்சுகள் விழுந்து, ரப்பர் இறுகிவிடும். ஓசோன் இன்னும் பொல்லாதது. காற்றில் துளியளவு இருந்தாலும் போதும், இழுத்துக் கட்டிய ரப்பரில் குறுக்கே வெடிப்பு விழவைக்கும்.

"கொஞ்சம் எண்ணெய் தடவினா சரியாகாதா, மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

"நைட்ரைல் எண்ணெய்க்கு மசியாது, அத்தை. இயற்கை ரப்பரோ எண்ணெயைக் குடித்து ஊதும், ஆனால் கரையாது. முடிச்சுகள் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு ஊதுகிறது என்று பார்த்தே, முடிச்சுகள் எவ்வளவு நெருக்கம் என்று ஆய்வகத்தில் கணக்கிடுவார்கள்."

அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு எழுந்து போனார். மனைவி மட்டும் நின்றாள்: "கந்தகம் இருக்கட்டும். கடை எத்தனை மணிக்கு மூடுவான்?"

இவ்வளவு வேதியியலும் போய்ச் சேரும் இடம் அந்தக் கேள்விதான். இறுகிப்போன கேஸ்கட்டை வெந்நீரோ எண்ணெயோ பழையபடி ஆக்காது; விழுந்த முடிச்சை வீட்டில் யாராலும் அவிழ்க்க முடியாது. விறைத்தால் மாற்றிவிடுங்கள். கேஸ் டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வெடிப்பு கண்டால் அதுவரை காத்திருக்க வேண்டாம். முதலில் கடைக்குப் போய்விட்டு வாருங்கள். விளக்கத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், கேட்க ஆள் இருந்தால்.