வால் பக்கத்து முதல் வகுப்பு: வாகைக்குளம் விமானங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

தூத்துக்குடிக் குடும்பம் ஒன்று, முழுப்பரீட்சை லீவில், உள்நாட்டுக்குள்ளேயே, விமானத்தில் முதல் வகுப்பில் போய்வர இயலுமா? இயலும் எனில் அந்த முதல் வகுப்பு விமானத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது? இவையே இக்கட்டுரை ஆராயும் பொருள். ஆய்வின் எல்லை தூத்துக்குடி விமான நிலையமான வாகைக்குளம் முதல் சென்னை மீனம்பாக்கம் வரை. காலம் மே மாதம். மற்ற மாதங்களில் இந்தக் கேள்வியை எந்த வீட்டிலும் யாரும் எழுப்புவதில்லை. இத்துறையில் முன்னோடிகள் இருப்பதாகத் தெரியவில்லை. முத்துக்குப் புத்தகம் இருக்கிறது, சங்குக்கு இருக்கிறது, மக்ரூனுக்குக்கூட போர்ச்சுக்கீசியர் வரைக்கும் போய் வேர் தேடுகிறார்கள். கடைசி வரிசை சன்னல் சீட்டை மட்டும் அறிஞர் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை.

தொடங்கும் முன்பே ஒரு தடை எழும். வாகைக்குளத்துக்கு வழக்கமாக வந்துபோகும் ஏடிஆர் 72 விமானத்தில் முதல் வகுப்பும் கிடையாது, பிசினஸ் கிளாஸும் கிடையாது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று 78 சீட், எல்லாம் ஒரே ரகம். இல்லாத வகுப்புக்கு எதற்கு ஆய்வு என்பர் ஒரு சாரார். அவர்களுக்கு விடை: 1961க்குப் பிறகு எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் ஊர் முத்துநகர், கரை முத்துக்குளித்துறை, ராத்திரி சென்னைக்குக் கிளம்பும் ரயில் முத்துநகர் எக்ஸ்பிரஸ். இல்லாத பொருளைப் பற்றி அறுபது வருஷத்துக்கு மேலாக விடாமல் பேசிவரும் ஊருக்கு இந்த ஆய்வைச் செய்ய எல்லாத் தகுதியும் உண்டு.

எல்லா சீட்டும் ஒரே ரகம் என்ற இந்தச் சமத்துவம் எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பொதுவுடைமைக் கட்சி கொண்டுவந்ததல்ல. 1992இல் திறந்த வாகைக்குளம் விமான நிலையத்தின் ஓடுதளம் வெறும் 1350 மீட்டராகத்தான் இருந்தது. அதில் பெரிய ஜெட் இறங்கியிருந்தால் நிற்பதற்குள் திருநெல்வேலி ரோட்டுக்கு வந்திருக்கும். ஆகவே சுழலி வைத்த சின்ன விமானம்தான் வந்தது. சின்ன விமானத்தில் திரை போட்டு முன்பகுதியைப் பிரித்தால் விற்க மிச்சம் சீட் இருக்காது. டெல்லி, மும்பை வழியில் இண்டிகோகூட 2024 நவம்பரில் 12 பெரிய சீட் போட்டுத் தனி வகுப்பு தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் முதலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் ஒரே அகல சீட் கிடைத்ததற்குக் காரணம் ஓடுதளத்தின் நீளம் போதாததுதான்.

இனி விமானத்தின் உடற்கூறு. பெரிய விமானங்களில் பைலட்டுக்கு அடுத்தபடி உட்காருபவர்கள் முதல் வகுப்புக்காரர்கள். ஏடிஆரில் பைலட் அறைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே இருப்பது சாமான் அறை. முன்பக்கம் இடது புறத்தில் தெரியும் பெரிய கதவு பெட்டி ஏற்றுவதற்கானது. ஆள் ஏறும் கதவு வால் பக்கம். அதாவது, உலகமெங்கும் முதல் வகுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே, தூத்துக்குடி விமானத்தில், நைலான் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டியும் கோவில்பட்டி கடலைமிட்டாயும் பைலட்டுக்குப் பக்கத்தில் கால் நீட்டிப் போகின்றன. அவற்றின் உரிமையாளர்கள் பின்னால் முட்டி இடிக்க வருகிறார்கள்.

இதிலிருந்து பிறக்கும் விதியை நூற்பாவாகச் சொன்னால்,

முன்னுற அமர்ந்தோர் பின்னுற இறங்கலும்
பின்னுற அமர்ந்தோர் முன்னுற இறங்கலும்
வாற்கத வுடைய வானூர்திக் கியல்பே.

இதன் உரை: முன்னுற அமர்ந்தோராவார், முன்வரிசை உசத்தி என்று எண்ணிக் கூடுதல் காசு கொடுத்து அந்த சீட்டை வாங்கியோர். அவர்கள் பின்கதவில் ஏறி, மொத்த விமானத்தின் நீளத்தையும் நடந்து, வழியில் இருபுறமும் இருக்கும் முழங்கைகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போய் உட்காருவர். இறங்கும்போது தமக்குப் பின்னால் இருக்கும் எல்லோரும் இறங்கும் வரை கழுத்தைச் சாய்த்து நிற்பர். பின்னுற அமர்ந்தோராவார், கடைசியாகப் பதிவு செய்ததால் கடைசி வரிசை வாய்த்தோர். அவர்கள் முதலில் இறங்கி, முதலில் பஸ்ஸில் ஏறி, பஸ்ஸில் சீட்டும் பிடிப்பர். 'இயல்பே' என்பதன் ஏகாரம் தேற்றம். ஐயம் வேண்டா என்றவாறு. பனிமய மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிய செய்தி அல்ல.

துணைச் சான்று: இந்த விமானத்தில் சுழலிகள் இறக்கையோடு முன்பாதியில் இருப்பதால் இரைச்சல் அந்தப் பக்கம் கூடுதல். பின்னால் போகப்போகப் பேச்சு காதில் விழும். இன்னொரு சான்று தரையில் கிடைக்கும். விமானம் நின்றதும் வாலுக்கு அடியில் ஒரு கம்பியை முட்டுக் கொடுப்பதைக் கவனித்திருக்கலாம். பின்பக்கம் பாரம் கூடி வால் தாழ்ந்துவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஒரு விமானமே தன் கடைசி வரிசைக்காரர்களுக்காகக் கம்பு ஊன்றி நிற்கிறது என்றால் அவர்கள் சாதாரண ஆட்களா?

கள ஆய்வில் இந்த விதியைச் சொந்த அறிவாலேயே கண்டுபிடித்திருந்தவர் ஓர் ஆச்சி. பேரன் முன்வரிசை எடுக்கத் துடித்தபோது அவர் சொன்னது: "எதுக்குல முன்னால போய் உக்காரணும்? டிரைவர் பக்கத்து சீட்டுன்னா இன்ஜின் சூடு கால்ல அடிக்கும். பின்னால இருந்தா ஊரு வந்ததும் டக்குனு எறங்கிரலாம்லா." ஆச்சியின் தரவுகள் முழுக்கத் திருச்செந்தூர் பஸ்ஸிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆனாலும் முடிவு சரி. விமானத்துறைக்கு இப்படி ஒரு ஆள் ஆலோசகராகக் கிடைத்தால் நல்லது.

வரலாற்றை விட்டுவிட்டால் ஆய்வேட்டுக்கு மதிப்பெண் கிடைக்காது. முதல் வகுப்பு என்ற சங்கதி தூத்துக்குடிக்கு விமானத்தோடு வந்ததல்ல. 1876இல் ரயில் வந்த பிறகு, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் இங்கே இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வரும் வரைக்கும் அதுதான் தடம். அந்தத் தடத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராக வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி வாங்கிய கப்பல்களில் ஒன்று காலியா. அதில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1300 பேர் போகலாம் என்று வ.உ.சி.யின் வரலாறுகளில் காண்கிறோம். ஆய்வாளன் கண் நிற்க வேண்டிய இடம் அந்த 24. முதல் வகுப்பைவிட இரண்டாம் வகுப்பில் இடம் குறைவு! காரணம் ஊகிக்கக் கூடியதுதான். காசு உள்ள அண்ணாச்சி நாலு பேர் பார்க்க முதல் வகுப்பில் ஏறுவார். இல்லாதவர் நேரே மூட்டைகளோடு போய் உட்காருவார். அரைகுறையாக மதிக்கப்படுவதற்குக் காசு கொடுக்க எங்கள் பக்கத்தில் ஆள் குறைச்சல்.

அப்புறம் நடந்த கட்டணப் போர் எல்லோருக்கும் தெரிந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி ஒரு ரூபாய்க்கு இறக்கியது, சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்கியது, கடைசியில் அவர்கள் சும்மாவே ஏற்றிக்கொண்டு கூடவே குடையும் கொடுத்தார்கள் என்பார்கள். டிக்கெட்டே இல்லாமல், கையில் புதுக் குடையோடு கொழும்பு போனவன் எந்த வகுப்புப் பயணி? இக்கேள்விக்கு இந்த ஆய்வு விடை காணவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். 1974இல் ரயிலில் மூன்றாம் வகுப்பை ஒழித்தபோது கட்டைப் பலகை பெரும்பாலும் அப்படியேதான் இருந்தது, மேலே எழுதிய எண் மாறியது. வகுப்பை ஒழிப்பதும் உண்டாக்குவதும் அவ்வளவு லேசான வேலை.

அதுவும் தரம் பிரிப்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வியாபாரிகளிடம் பித்தளைத் தட்டுகள் பத்து இருக்கும், அடியில் துளை போட்டவை. முதல் தட்டில் 20 துளை, கடைசித் தட்டில் 1000. முதல் தட்டில் தங்குவது பெரிய முத்து. துளைதோறும் நழுவிப் பத்தாவது தட்டையும் தாண்டி விழுவது தூள். அளவு பார்த்த பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து, குறையே இல்லாததை ஆணிமுத்து என்று எடுத்து வைப்பார்கள். விமான நிறுவனங்கள் இரண்டு மூன்று வகுப்பு வைத்துக்கொண்டு பெருமை பேசுகின்றன. நாங்கள் ஒரு கைப்பிடி முத்தில் பத்துத் தட்டு இறக்கியவர்கள்.

இந்தச் சல்லடை முறையைக் குடும்பத்தின் மேல் போட்டுப் பார்த்தபோதுதான் ஆய்வின் முக்கியமான முடிவு கிடைத்தது. ஆச்சி, அம்மா, அப்பா, அக்கா, தம்பி என்று ஐந்து பேர். வரிசைக்கு நாலு சீட். நடு சீட் என்ற தாழ்ந்த பிறவி ஏடிஆரில் கிடையாது; ஒன்று சன்னல், இல்லையென்றால் நடைபாதை. தம்பி அழுது சன்னலை வாங்கிவிடுவான். மறுபக்கச் சன்னல் அக்காவுக்கு, போட்டோ எடுக்க. ஆச்சி தம்பி பக்கத்தில், அவன் வாந்தி எடுத்தால் பிடிக்க. அக்கா பக்கத்தில் அம்மா. அம்மாவின் மடியில் மக்ரூன் டப்பா.

இந்த மக்ரூனைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றையும் அடித்து, கூம்பாகச் சுற்றி வைத்துச் சுட்ட பொருள் அது. விரலால் அழுத்தினால் பொடி. பெட்டிக்குள் போட்டு முன்னால் அனுப்பினால் சென்னையில் மாவாக வந்து சேரும். தலைக்கு மேலே வைத்தால் எவனாவது தன் பையை அதன் மேல் திணிப்பான். காலடியில் வைத்தால் தம்பி. ஆகவே மடி. ஒன்றரை மணி நேரமும் இரண்டு கையாலும் பிடித்தபடி. சன்னல் வழியே உப்பளம் வெள்ளைவெள்ளைக் கட்டமாகத் தெரிகிறது என்று அக்கா கூவும்போது அம்மா எட்டிப் பார்க்கிறாள், டப்பா சாய்ந்ததும் திரும்பிக்கொள்கிறாள். கடலூரிலோ புதுச்சேரியிலோ கடல் தெரிந்தாலும் அதே கதைதான். சென்னையில் இறங்கி சின்ன மாமா வீட்டு மைனி கையில் டப்பாவைக் கொடுக்கும்வரை அவளுக்குப் பயணம் முடிவதில்லை.

மிஞ்சியவர் அப்பா. சல்லடையில் நழுவி அடுத்த வரிசையில், யாரோ ஒருவர் பக்கத்தில் விழுந்தவர். "பரவாயில்ல, நான் எங்கயாச்சும் உக்காந்துக்கிறேன்" என்று தியாக முகத்தோடு போனார். அங்கே அவரிடம் யாரும் தண்ணீர் கேட்கவில்லை. சன்னல் கேட்கவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. மடியில் ஒன்றும் இல்லை. விமானம் மேலே ஏறும் முன்பே வாயைத் திறந்து தூங்கிப் போனார். 78 சீட்டிலும் தேடி, முதல் வகுப்பில் பயணம் செய்தவர் என்று இந்த ஆய்வு அடையாளம் காணும் ஒரே ஆள் அவர்தான். அவர் அதை வெளியே சொல்லவே மாட்டார்.

சாமான்களின் வகுப்பையும் சொல்லிவிட வேண்டும். உடன் அனுப்ப ஆளுக்கு 15 கிலோ, கையில் 7 கிலோ என்பது பொது வழக்கு. கருவாட்டை எத்தனை சுற்று பாலித்தீனில் சுற்றினாலும் அது தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். கொப்பரைத் தேங்காய் விவகாரம் இன்னும் பெரிது. எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்று, ஐ.நா.வின் ஆபத்தான சரக்குப் பட்டியலில் 1363 என்ற எண்ணோடு அது ஏறியிருக்கிறது. அதற்குக் கொடுத்திருக்கும் வகுப்பு 4.2. குடும்பம் மொத்தமும் வகுப்பில்லாமல் பறக்க, பெட்டியிலிருந்து பிடுங்கி வெளியே வைக்கப்பட்ட கொப்பரைக்கு மட்டும் சர்வதேச அங்கீகாரம் பெற்ற வகுப்பு இருப்பதை ஆச்சியிடம் எடுத்துச் சொன்னோம். அவருக்கு ஆறுதல் ஏற்படவில்லை.

போன இடத்தில் என்ன பார்த்தார்கள் என்பது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே. தினமும் கடலைப் பார்த்து எழுந்திருக்கிற குடும்பம் விமானம் ஏறிப் போய் மெரினாவில் கடல் பார்த்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறோம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 2025 ஜூலை 26 அன்று பிரதமர் வாகைக்குளத்தில் புதிய முனையத்தைத் திறந்துவைத்தார். செலவு சுமார் 450 கோடி ரூபாய், பரப்பு 17,340 சதுர மீட்டர். ஓடுதளத்தையும் 3115 மீட்டராக நீட்டிவிட்டார்கள். இனிப் பெரிய ஜெட் வரத் தடையில்லை. அவை வந்தால் முன்கதவு திறக்கும், முன்வரிசைக்காரர் முன்னால் இறங்குவார், என்றைக்காவது ஒரு திரையும் தொங்கும். மேற்படி நூற்பா அன்றோடு செல்லாது. ஆகவே இதைச் சரிபார்க்க விரும்புகிறவர்கள் சுழலி விமானம் ஓடும்போதே ஒரு தடவை கடைசி வரிசையில் போய்வந்துவிடுங்கள். போகும்போது மக்ரூன் டப்பாவை அப்பா மடியில் வையுங்கள்.