கழண்டது வயர் மட்டுமோ?

என்ன தம்பி, கையில கட்டியிருக்கிறது மணிக்கூடோ, துறைமுகக் கந்தோரோ? காத்து எவ்வளவு, அலை எவ்வளவு, நாடி எவ்வளவு எண்டு எல்லாத்தையும் அதிலயே பாக்கிறாய். வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகவே போனுக்குள்ள இருக்கிற பொம்பிளையிட்ட வழி கேக்கிற ஆள் நீ. கடலை இடக்கைப் பக்கம் வைச்சுக்கொண்டு நேர வடக்கே போ. கோட்டை வரும், துறைமுகம் வரும், கொச்சிக்கடை அந்தோனியார் வருவார், அங்கால கொட்டாஞ்சேனை. இதுக்கு ஏன் மோனை ஆகாயத்தில திரியிற சற்றலைற்றைக் கரைச்சல் படுத்துறாய்?

இப்ப பாய்வள்ளம் விடப் போறியாம். ஜிபிஎஸ் இருக்கேக்க திசைகாட்டி எதுக்கு எண்டும் கேட்டியாம். இரு, ஒரு கதை சொல்லுறன்.

1995 ஜூன் மாதம். 'றோயல் மெஜெஸ்ரி' எண்டு ஒரு உல்லாசக் கப்பல். 1,500 பேர் அளவில சனம். பெர்முடாவில இருந்து அமெரிக்காவின்ர பொஸ்டனுக்குப் பயணம். வெளிக்கிட்டு ஒரு மணித்தியாலம் ஆகேல்லை, ஜிபிஎஸ் அன்ரனாவின்ர வயர் கழண்டு போச்சு. மெசின் 'எனக்குத் தெரியாது' எண்டு வாயை மூடிச்சுதோ? இல்லையே! கப்பலின்ர வேகத்தையும் திசையையும் வைச்சுக் குத்துமதிப்பாய் இடம் சொல்லத் தொடங்கிச்சுது. திரையில சின்ன எழுத்து மாறிச்சு. 34 மணித்தியாலம் அதை ஒருத்தரும் கவனிக்கேல்லை. காத்தும் நீரோட்டமும் கப்பலை 17 கடல்மைல் தள்ளிக்கொண்டு போட்டுது.

பக்கத்திலயே லொரான் எண்டு இன்னொரு கருவி, சரியான இடத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஆர் பாத்தது? ஆழம் பாக்கிற கருவியின்ர அலாரத்தைப் பூச்சியத்தில வைச்சிருந்தவை. அடி முட்டினாப் பிறகு மணி அடிச்சு ஆருக்குப் பிரயோசனம்? ஆழமறியாமல் காலை விடாதை எண்டு சின்ன வகுப்பிலயே படிப்பிக்கிறது. இவை கப்பலையே விட்டிட்டினம். காவல் நிண்டவங்கள் முன்னால தண்ணி நீலமும் வெள்ளையுமாய்க் கிடக்கு எண்டு சொன்னவங்கள். அதிகாரி காதிலயே போடேல்லை. வழி காட்டுற மிதவையைக் கண்டியோ எண்டு கப்டன் அவரிட்டக் கேட்டார். காணாத மனுசன் 'ஓம்' எண்டிட்டுது! பேந்தென்ன, நன்ரக்கெற் தீவுக்குக் கிட்ட மணல் திட்டில கப்பல் ஏறிக் குந்திச்சுது. நல்ல காலம், ஒரு உயிரும் போகேல்லை.

உதே கடலால அதுக்கு 57 வருசத்துக்கு முந்தி எங்கட வல்வெட்டித்துறைக் கப்பல் ஒண்டு போனது, தெரியுமோ? அன்னபூரணி. வேப்பமரத்தில கட்டினது. ரொபின்சன் எண்ட அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' எண்டு பேரை மாத்தினார். சுயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா எல்லாம் தாண்டி 1938 ஆகஸ்டில பொஸ்டனுக்குக் கிட்ட இருக்கிற குளொஸ்டருக்குப் பத்திரமாய்ப் போய்ச் சேந்தது. வல்வெட்டித்துறைப் பெடியளும் அதில போனவங்கள்.

உடன நெஞ்சை நிமித்தாதை. எங்கட ஆக்கள் மணந்து பாத்தே கடல் தாண்டினவை எண்டு கலியாண வீட்டில வீரம் கதைக்கிற கிழவங்களையும் நம்பாதை. அந்தக் கப்பலுக்கு அமெரிக்கக் கப்டன் இருந்தார். சூரியனையும் வெள்ளியையும் அளந்து, வரைபடத்தில புள்ளி வைச்சு, அடுத்த நாள் திரும்ப அளந்து பாத்துத்தான் அந்தக் காலத்தில கப்பல் விட்டவை. ஒண்டு சொன்னதை இன்னொண்டிட்டக் கேட்டவை, அவ்வளவுதான் வித்தை.

2020இல 'வகாஷியோ' கப்பல்காரர் என்ன செய்தவை? போனுக்கு சிக்னல் பிடிக்க மொரிசியஸ் கரைக்குக் கிட்டப் போனவை. அந்தக் கரைக்குரிய விபரமான வரைபடம் கையில இல்லை. சிக்னலுக்குப் போன இடத்தில பவளப்பாறை பிடிச்சுது. 1,000 தொன் அளவில எண்ணெய் கடலில போச்சு.

ஜிபிஎஸ்ஸை எறி எண்டு சொல்லேல்லை ராசா. ஒண்டுக்கு ரெண்டாய் வைச்சிரு. ஆனா பின்னேரத்தில மரைன் டிரைவில நிண்டு வெளியில நங்கூரம் போட்ட கப்பலுகளையும் ஒருக்காப் பார். எல்லாம் ஒரே பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நிக்கும். காத்தும் நீரோட்டமும் எங்கயிருந்து வருதெண்டு அதிலயே தெரியேல்லையோ? கடலில இன்னொரு கப்பல் கிட்ட வந்தால் போனில அதின்ர பேரைத் தேடாதை. உன்ர வள்ளத்தை நேர விட்டுக்கொண்டு, ஒரே இடத்தில இருந்து, அந்தக் கப்பலைப் பாய்மரக் கம்பி ஒண்டுக்கு நேர வைச்சுப் பார். கம்பியை விட்டு முன்னுக்கோ பின்னுக்கோ விலகினால் வடிவாய்க் கடந்து போகும். விலகாமல் கம்பியோடயே நிண்டு பெருத்துக்கொண்டு வந்தால் நேர உனக்குத்தான் வருது. உடன விலத்து.

ஈயக்குண்டு ஒண்டும் கயிறும் வாங்கு. குண்டின்ர அடியில கொழுப்புப் பூசி இறக்கினால் எத்தினை பாகம் ஆழம் எண்டும் தெரியும், கீழ மணலோ சேறோ எண்டும் ஒட்டிக்கொண்டு வரும். புறக்கோட்டையில வாங்கலாம். உன்ர போன் கவரின்ர விலைகூட வராது.