மானம் கப்பலேறும் நேரம்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி, உல்லாசக் கப்பலில் போகப் போகிறவர்கள் எழுதியவை. யாரிடமோ காசு புரள்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: கப்பலில் 'ஃபார்மல் நைட்' என்கிறார்களே, அது என்ன? (வாசகர், சேலம்)

பதில்: ராத்திரிச் சாப்பாட்டுக்கு, பெண் பார்க்கப் போகிற மாதிரி சாயங்காலமே கிளம்ப வேண்டிய நாள். ஏழு ராத்திரிப் பயணத்தில் வழக்கமாக இரண்டு வரும். பெரும்பாலும் கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காத நாளாகப் பார்த்து வைப்பார்கள். நாள் முழுக்க ஊர் சுற்றி வேர்த்து விறுவிறுத்து வந்தவனிடம் டை கட்டச் சொன்னால் என்ன நடக்கும் என்று கப்பல்காரனுக்குத் தெரியும்.

கேள்வி: கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த கோட் சும்மா கிடக்கிறது. அதுவே போதுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: கல்யாணம் எந்த வருஷம் என்று எழுதவில்லை பாருங்கள், அங்கேதான் நிற்கிறீர்கள்! ரிசப்ஷன் கோட்டைப் பற்றி இந்தப் பகுதியில் நான் புலம்புவது புதிதல்ல. ஒரே ஒரு சாயங்காலம், மேடையில் மூன்று மணி நேரம், ஊரே வந்து தோளில் கைபோட்டு போட்டோ. அதோடு சரி. பிறகு பீரோவில் பாச்சா உருண்டையோடு சன்னியாசம். அதன் கலர் வேறு மெரூனாக இருக்கும். காலரில் ஜரிகை இருக்கும். இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், நம்பமாட்டேன்.

இன்றைக்கே எடுத்து மாட்டிப் பாருங்கள். பட்டன் போடுங்கள். மூச்சு விடுங்கள். உட்காருங்கள். நாலும் ஒரே சமயத்தில் முடிந்தால் அடுத்த கட்டம். குனார்டு கம்பெனியின் 'குயின் மேரி 2' மாதிரி கப்பலில் 'காலா' இரவு என்றால், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட்டோ அடர் நிற சூட்டோ, கழுத்தில் டையோ 'போ'வோ வேண்டும். ஒரு நாள் கறுப்பு-வெள்ளை, ஒரு நாள் முகமூடி என்று தினுசும் வைப்பார்கள். அந்தக் கூட்டத்தில் மெரூன் ஜரிகையோடு போய் நின்றால் மேஜிக் மாமா என்று நினைத்துக் குழந்தைகள் புறாவைக் கேட்கும். சாதாக் கறுப்பு சூட் ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கும் ஆகும்.

கேள்வி: எனக்கு டை கட்டத் தெரியாதே? (வாசகர், விருதுநகர்)

பதில்: கழுத்து இருக்கிறதல்லவா? மீதியை யூடியூப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: பட்டு வேட்டியில் போனால் வாசலிலேயே மறித்துவிடுவார்களா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வாருங்கள், உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். குனார்டு விதியிலேயே அவரவர் நாட்டு விழா உடைக்கு இடம் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் முழங்கால் தெரிய கில்ட் கட்டிக்கொண்டு ராஜநடை நடந்து வருவார். நமக்கு முழங்கால்கூடத் தெரியாது, மடித்துக் கட்டாதவரை.

மறித்த கதை நம் ஊரில்தான். 2014-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் விழாவுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலில் நிறுத்தினார்கள். அதே வருஷம் சட்டசபையில் அதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. சேப்பாக்கத்தில் சட்டம் போட்டு நுழைந்தோம். அட்லாண்டிக்கில் இஸ்திரி போட்டால் போதும்.

ஆனால் இஸ்திரிப் பெட்டியைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகாதீர்கள். தீப்பிடிக்கும் என்ற பயத்தில் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். 'குயின் மேரி 2'-ல் பயணிகள் தாங்களே துவைத்துத் தேய்த்துக்கொள்ளத் தனி அறை உண்டு. எல்லாக் கப்பலிலும் கிடையாது. அப்புறம், பெல்ட். மேல்தளத்தில் காற்று எப்போது எந்தப் பக்கத்திலிருந்து தூக்கும் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே கப்பலேறிவிட்ட மானத்தை மறுபடி எங்கே ஏற்றுவது? ஒட்டிக்கோ வேட்டி ஆயிற்றே என்று கூச்சப்பட வேண்டாம். யாருக்குத் தெரியப் போகிறது, 'டர்ர்' என்று சத்தம் வராதவரை.

கேள்வி: என் மச்சினன் அரை டிராயரோடுதான் வருவேன் என்கிறான். சோறு போடமாட்டார்களா? (வாசகர், திருப்பூர்)

பதில்: போடுவார்கள். பஃபே பக்கம் தட்டை ஏந்தி வரிசையில் நிற்கலாம். மச்சினன்களை வைக்க அதுதான் சரியான இடம்.

கேள்வி: கரீபியன் கப்பலுக்கு மிலிட்டரி டிசைன் பேன்ட் எடுத்துவைத்திருக்கிறேன். சரிதானே? (வாசகர், வேலூர்)

பதில்: பார்படாஸிலும் ஜமைக்காவிலும் சாதாரண ஆள் அந்த டிசைனை மாட்டுவது சட்டப்படி குற்றம். கைலியே மேல்.

கேள்வி: மகன் குடும்பத்தோடு கப்பலில் போகிறேன். அவர் போனதிலிருந்து நான் பட்டு உடுத்துவதில்லை, நூல் புடவைதான். 'அந்த ராத்திரிக்கு நீங்க எப்படி வருவீங்க அத்தை' என்று மருமகள் கேட்டாள். ரூமிலேயே இருந்துவிடட்டுமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: இருந்துவிடாதீர்கள் அம்மா. கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத செட்டிநாட்டுக் கட்டம், அரக்கு பார்டர். அந்த ஹாலில் யாரும் அதைக் குறைவாகப் பார்க்கமாட்டார்கள். இந்த இரவுக்கென்று கொஞ்சம் மெனக்கெட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தால் போதும், விதி கேட்பது அவ்வளவுதான்.

மருமகள் கேட்டது குத்தலாகவும் இருக்கலாம், உங்களுக்கு என்ன வாங்கிவைப்பது என்ற யோசனையாகவும் இருக்கலாம். கடிதத்தில் குரல் கேட்காது, எனக்குத் தெரியவில்லை. 'எது நல்லா இருக்கும், நீயே எடுத்து வை' என்று பீரோ சாவியை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். தானே எடுத்துவைத்த புடவையை யாரும் பிறகு குறை சொல்வதில்லை. பட்டு உடுத்த மனசு வந்தால் உடுத்துங்கள். வராவிட்டால் அதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. சாப்பாட்டு ஹாலில் ஏசி எலும்பைத் துளைக்கும், ஒரு சால்வை அவசியம். தரை லேசாக ஆடும், வழுக்காத செருப்பாகப் போடுங்கள். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்காருங்கள்.

கேள்வி: கப்பல் ஏறிய அன்றைக்கே கோட் போட வேண்டுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வேண்டாம். அன்று உங்கள் பெட்டி கேபினுக்கு வந்து சேரவே நேரமாகலாம். அந்தக் கால அட்லாண்டிக் கப்பல்களிலும் முதல் ராத்திரிக்கு இந்தச் சலுகை உண்டு. நான் பயப்படச் சொல்வது கடைசி ராத்திரிக்கு. பெட்டியைப் பூட்டி வாசலுக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள், ஊழியர்கள் எடுத்துப் போய்விடுவார்கள். காலையில் போட ஒரு செட் கையில் வைத்துக்கொள்ளாதவர் நைட்டியோடுதான் கரை இறங்க வேண்டும்.

கேள்வி: இந்தத் தொல்லையே இல்லாத கப்பல் கிடையாதா? (வாசகி, கோவை)

பதில்: நார்வீஜியன் குரூஸ் லைனில் கட்டாய ஃபார்மல் நைட் கிடையாது. வைக்கிங்கிலும் இல்லை. வர்ஜினில் ஒரு ராத்திரி எல்லோரும் சிவப்பில் வருவார்கள். மேல்மருவத்தூர் போன புடவை இருந்தால் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஃபார்மல் நைட்டில் மாடிப்படியில் நிறுத்தி போட்டோ எடுக்கிறார்களாமே, இலவசமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: எடுப்பது இலவசம்.