பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் கட்டட அனுமதி: தசமப் புள்ளி நோக்கில் ஓர் ஆய்வு

கட்டட அனுமதி வரைபடத்தை ஒரு பனுவலாக எடுத்துக்கொண்டு யாரும் இதுவரை ஆராயவில்லை. தமிழ் ஆய்வுலகின் பெருங்குறை இது. மேஸ்திரி அதைச் சிமென்ட் மூட்டை மேல் விரித்துப் பார்க்கிறார். வீட்டுக்காரர் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். வங்கி இரண்டு நகல் கேட்கிறது. வாசிப்பவர் இல்லை. அக்குறையை இக்கட்டுரை போக்கும். களம், புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்கள். காலம், மனை பார்த்த நாள் முதல் பால் காய்ச்சும் நாள் வரை.

முதலில் மண். இங்கே மனை வாங்குபவருக்குத் தன் மனை எவ்வளவு என்பது ஒரே மூச்சில் தெரிந்துவிடாது. தரகர் குழிக் கணக்கில் பேசுவார். புதுச்சேரிக் குழி 576 சதுர அடி. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் பல இடங்களில் குழி 144 சதுர அடியாகச் சுருங்கிவிடும். இரு மாநில நிலமும் ஒன்றுக்குள் ஒன்று துண்டு துண்டாகக் கிடக்கிற வட்டாரம் இது. மாடு மேய்ந்து திரும்புவதற்குள் குழி மாறிவிடும். நிலப் பதிவேடோ பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ஹெக்டேர், ஆர், சென்டியரில் இருக்கும். அவர்கள் 1954 நவம்பர் 1-ல் ஆட்சியை ஒப்படைத்தார்கள், 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் விலகினார்கள். சென்டியர் விலகவில்லை. என்ஜினியர் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, மீட்டரில் வரைவார்.

அனுமதி கேட்கும் வழக்கம் 1969-ன் புதுச்சேரி நகர, ஊரமைப்புச் சட்டத்தோடு தோன்றியது என்பார்கள். அவசர முடிவு. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்பது பழஞ்செப்பேடுகளில் தானம் பெற்றவர்களுக்குத் தரப்பட்ட தனிச் சலுகை. கொங்கு நாட்டுக் கம்மாளர்கள் தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அரசன் ஆணையிட்டது கல்வெட்டில் இருக்கிறது. அடுத்தவன் மாளிகைக்கும் கோயிலுக்கும் உழைத்த சாதி, தன் சுவரைப் பூச ராஜா உத்தரவுக்குக் காத்திருந்தது. இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. ஆனால் அந்தச் சாந்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாகூருக்கே செப்பேட்டுப் பெருமை உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாயின. மூன்று ஊருக்கு ஒரு வளையத்தில் கோத்த சில ஏடுகள். இன்று இரண்டு குழி மனைக்குப் பத்திரம், வில்லங்கச் சான்று, செட்டில்மெண்ட் நகல், வரைபடம் என்று ஒரு கோப்பு. சிபாரிசுக்குப் போகலாமென்றால், கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தல் 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006-ல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்ததோடு சரி.

இனி மையப் பொருள். வரைபடத்தில் படுக்கையறை 3.00 மீட்டர் என்று முழுசாக வருவது அபூர்வம். 3.05 வரும், 3.35 வரும். கூடம் என்றால் 4.88. ஏனிந்தச் சில்லறை? அடியாக்கிப் பார்த்தால் விடை கிடைக்கிறது: 10, 11, 16. மூன்றும் மனையடி சாஸ்திரம் வாழ்த்தும் எண்கள். 10 அடியில் ஆடு மாடு பெருகும், 11-ல் பால்சோறு கிடைக்கும், 16-ல் செல்வம் சேரும். 12-ல் செல்வம் அழியும், 13-ல் பகை வரும், ஆகவே 3.66-க்கும் 3.96-க்கும் நம் வீடுகளில் இடமில்லை. 3.00 மீட்டரோ 9 அடி 10 அங்குலம். ஒன்பது ஆகாது, பத்து ஆகும். நடுவே தொங்கும் அறையில் எந்த மாமியார் கால் வைப்பார்? ஓர் ஆட்டுக்குட்டிகூட வளர்க்காத அரசு ஊழியரும் மாடு பெருகும் அளவையே கேட்டு வாங்குகிறார்.

ஆக, கோப்பு அலுவலகத்துக்குப் போகும் முன்பே வீடு ஒருவரிடம் அனுமதி வாங்கிவிட்டது. அவர் ஜோசியர். தாமதத்திலும் அவருக்குப் பங்குண்டு. வாஸ்து புருஷன் ஆண்டில் எட்டு நாள் மட்டும், அதுவும் ஒன்றரை மணி நேரம் விழித்திருப்பார். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் எழுந்திருக்கவே மாட்டார். அனுமதி மார்கழியில் கைக்கு வந்தால், தை வரைக்கும் வீட்டுக்காரர் அலுவலகத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்.

இப்போது அந்தச் சாந்து. மனையடி உள்ளளவைப் பார்க்கும். சுவருக்கு 12 மி.மீ. பூச்சு, இருபுறமும் 24. செங்கல் கட்டில் 3.05 இருந்த அறை பூசி முடித்ததும் 3.03 மீட்டருக்கும் கீழே, அதாவது 9 அடி 11 அங்குலத்துக்கு இறங்கிவிடும். மேஸ்திரி இது தெரிந்தவர். கட்டும்போதே ஓர் அங்குலம் கூட்டிவிடுவார். மூன்று அறைக்கு மூன்று அங்குலம். அது பக்கத்துச் செட்பேக்கிலிருந்து வருகிறது. பிளானை மீறிவிட்டதாக எழுதப்படும் குறிப்பின் ஆதிமூலம் இதுவே.

எனவே நகர அமைப்புக் குழுமத்துக்கு இக்கட்டுரையின் பணிவான வேண்டுகோள்: விண்ணப்பத்தில் உரிமையாளர், என்ஜினியர் கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் ஜோசியருக்கும், பதிவு எண்ணோடு, ஒரு கட்டம் ஒதுக்குக. செட்பேக் குறைந்தால் நோட்டீசின் ஒரு பிரதி அவர் வீட்டுக்கும் போகட்டும்.