எடை மெஷினை எடைக்குப் போட்டேன்

1984இல் எனக்கு எட்டு வயது. கோயமுத்தூர் ஜங்ஷனில் வண்டி வர நேரமிருந்தால் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சுருக்குப்பையை அவிழ்த்து ஓர் ஐம்பது பைசாவை எடுத்து என் உள்ளங்கையில் வைப்பார். முறுக்குக்கோ கடலை மிட்டாய்க்கோ அல்ல. தூணோரம் நின்ற எடை மெஷினுக்கு.

"செருப்பைக் கழட்டிப் போட்டு ஏறு கண்ணு" என்பார். ஏறியதும் கண்ணாடிக்குப் பின்னால் விளக்குகள் எரியும், ஒரு வட்டத் தகடு சுழலும். அது நிற்கும்வரை காசு போடக் கூடாது. நின்றதும் காசை விடுவேன். உள்ளே எதுவோ உருண்டு, எதையோ தட்டி, கடக்கென்று ஓர் அட்டை வந்து விழும். அந்தக் காலத்து ரயில் டிக்கெட் போல கெட்டியான அட்டை. ஒரு பக்கம் சினிமா நடிகர் படம். மறுபக்கம் எடையும், ஆங்கிலத்தில் இரண்டு வரி பலனும். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் காலேஜ் பையன் யாரிடமாவது அம்மிச்சி நீட்டுவார். "தம்பி, இதுல என்ன போட்டிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு சாமி." அவன் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு, பேரன் பொறுமைசாலியாம், பெரியவன் ஆனதும் நாலு பேருக்கு வேலை கொடுப்பானாம் என்று ஊர்வரை சொல்லிக்கொண்டே வருவார். எடை 22 கிலோ. அந்த அட்டை இன்றும் என்னிடம் இருக்கிறது.

28 வருடம் கழித்து அதே மாதிரி மெஷின்கள் ஆறை நான் உடைத்துக் காசாக்கினேன்.

உக்கடத்தில் மாமாவுக்குப் பழைய இரும்புக்கடை. காயலாங்கடை என்று ஊரார் சொல்வது. படிப்பு பத்தாவதோடு நின்றதால் பதினாறு வயதிலேயே அங்கே வந்துவிட்டேன். 2012இல் ஒருவர் கடைக்கு வந்தார். ஸ்டேஷன், தியேட்டர், ஆஸ்பத்திரி என்று இடம் வாடகைக்கு எடுத்து எடை மெஷின் வைத்துப் பிழைத்தவர். ஆறு மெஷின் குடோனில் கிடக்கிறது, மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"ஓடற மெஷினை ஏனுங்க உடைக்கக் குடுக்கறீங்க?" என்று மாமா கேட்டார்.

"ஓடுதுங்க. காசுதான் ஓட மாட்டேங்குது" என்றவர், சட்டைப்பையிலிருந்து இரண்டு ஒரு ரூபாய்க் காசுகளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று பழையது, ஒன்று புதுசு. அன்றுதான் அந்த விஷயத்தை உற்றுப் பார்த்தேன். 1992இலிருந்து நாம் புழங்கிய எஃகு ஒரு ரூபாய்க்குக் குறுக்களவு 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம். 2011இல் வந்த புது ஒரு ரூபாய்க்கு 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். பழைய ஐம்பது பைசாவின் அளவும் எடையும் அதே. புது இரண்டு ரூபாய்தான் பழைய ஒரு ரூபாயின் அளவில், அதே 4.85 கிராமில் வந்தது. அவர் மெஷினில் புது ஒரு ரூபாயைப் போட்டால் எதையும் தட்டாமல் நேராகக் கீழே போய்விடும், அட்டை வராது. புது இரண்டு ரூபாயைப் போட்டால் பழைய ஒரு ரூபாய் என்று நம்பி அட்டையைக் கொடுத்துவிடும். அட்டை வராதவர்கள் மெஷினை உதைத்தார்கள், கண்ணாடியை உடைத்தார்கள். வீட்டுக்கு வீடு எடை பார்க்கும் கருவியும் அதற்குள் வந்துவிட்டது. ஆறு மெஷினுக்கும் காசு வாயை மாற்றிச் செய்ய ஆகும் செலவை அவரால் தாங்க முடியவில்லை.

பதினோராயிரம் ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

கழட்டும் வேலை ஒன்றரை நாள் ஆனது. ஒரு மெஷினை நகர்த்த நாலு பேர் வேண்டும். கடப்பாரையால் நெம்பி, அடியில் குழாய்களைக் கொடுத்து உருட்டிக் குட்டி யானை வண்டியில் ஏற்றினோம். கடைக்கு வந்ததும் சுத்தியலை எடுத்த பையனை மாமா தடுத்தார். "உடைக்காத. திருகு இருக்குதில்ல, திருகு. பிரிச்சு எடுத்தாத்தான் காசு." அவர் சொன்னது வியாபாரம். எனக்கோ அது பாடமாக அமைந்தது. பின்பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டு வேலை ஒன்றுகூட இல்லை. எல்லாம் திருகு, ஆணி, கொக்கி. ஏறி நிற்கும் மேடைக்கு அடியில் வார்ப்பு இரும்பில் நெம்புகோல்கள். ஆளின் முழு எடையும் அவற்றின் வழியாகப் படிப்படியாகக் குறைந்து, மேலே ஒரு மெல்லிய கம்பியை மட்டும் இழுக்கும். நெம்புகோல் உட்காரும் இடத்தில் கத்தி முனைபோலத் தீட்டிய எஃகு. எத்தனை ஆயிரம் பேர் ஏறி இறங்கினார்களோ, அந்த முனை மழுங்கவில்லை. எடை அச்சாகும் எழுத்துச் சக்கரம், அட்டைகள் அடுக்கிய நீளக் கூண்டு, காசு உருளும் பித்தளைப் பாதை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தோம். திரும்ப மாட்டினால் ஓடும் என்று தோன்றியது.

காசு விழும் இடத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருந்தது. காசு அதன் நுனியில் விழும், பாரத்தில் நுனி தாழும், தாழ்ந்தால் அட்டை விடுபடும். ஆளை நிறுக்கும் முன்பே மெஷின் காசை நிறுத்துவிடுகிறது. பின்னாளில் தேடிப் படித்தபோது வியந்துபோனேன். சுமார் இரண்டாயிரம் வருடத்துக்கு முன் அலெக்ஸாண்டிரியாவில் ஹீரோ என்ற அறிஞர் எழுதிவைத்த கருவியும் இதேதான். கோயிலில் காசு போட்டால் புனித நீர் வரும். காசு விழுந்து தட்டு தாழும்போது அடைப்பு திறக்கும், காசு சரிந்து விழுந்ததும் மூடிக்கொள்ளும். உக்கடத்தில் என் கையில் கிரீஸ் படிந்து கிடந்தது அந்த யோசனையின் பேரன் பேத்தி.

சாமான்களைத் தரம் பிரித்தோம். தகரம் 340 கிலோ, வார்ப்பு 430 கிலோ. சோக்கிலும் மோட்டாரிலும் உரித்த செம்பு ஐந்து கிலோ, பித்தளை ஆறு கிலோ. கண்ணாடிக்கு மட்டும் விலை கிடையாது. இரும்பை வண்டியில் ஏற்றி எடை மேடைக்குக் கொண்டுபோனோம். ஊரையே நிறுத்த மெஷின்கள் அங்கே தாங்களே ஏறி நின்றன. டிரைவர் சீட்டை வாங்கிவந்து கொடுத்தார். அதில் எண் மட்டும் இருந்தது, பலன் இல்லை. எனக்கு அம்மிச்சி ஞாபகம் வந்துவிட்டது. அவர் காலமாகி அப்போது ஏழு வருடம்.

எல்லாம் போக 5,330 ரூபாய் லாபம். வருத்தமாக இருந்தாலும் அந்த லாபத்தில் எனக்குக் கூச்சம் இல்லை. வார்ப்பு இரும்பு முழுவதும் கணபதியில் ஒரு வார்ப்பாலைக்குப் போனது. கோயமுத்தூரில் பழைய வார்ப்பு வீணாவதே இல்லை. உலையில் உருகி பம்புசெட்டாகும், மோட்டார் கூடாகும், மாவாட்டும் கிரைண்டருக்கு அடிப்பாகமாகும். செம்பு மறுபடி கம்பியாகும். அந்த மெஷின்களில் கண்ணாடியும் பல்பும் தவிர மண்ணுக்குப் போனது எதுவுமில்லை. ஏதோ ஒரு தோட்டத்துக் கிணற்றில் என்னைத் தாங்கியது போன்ற ஒரு நெம்புகோல் இன்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கலாம்.

இனி இன்றைய கதை. இதைச் சொல்லத்தான் அதைச் சொன்னேன்.

மாமாவுக்குப் பிறகு கடை என்னுடையது. அம்மிச்சிக்குச் சொன்ன பலன்படியே நாலு பேர் வேலை செய்கிறார்கள். 2021லிருந்து எங்களுக்கு வேறொரு சரக்கு வரத் தொடங்கியது. சரவணம்பட்டிப் பக்கத்து கம்ப்யூட்டர் அலுவலகங்களில் நின்ற சிப்ஸ், குளிர்பான மெஷின்கள். ஆள் உயரத்துக்கு மேல், முன்பக்கம் முழுக் கண்ணாடி, உள்ளே சுருள் கம்பிகள். முதலில் வந்ததைப் பார்த்தபோது அது பழசு என்றே நம்ப முடியவில்லை. பெயின்ட் மங்கவில்லை. வயது ஆறு.

எப்படிச் செத்தது என்று விசாரித்தேன். இதையும் பணம்தான் கொன்றிருந்தது. 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்புக்குப் பிறகு ரூபாய் நோட்டுகள் ஒவ்வொன்றாக உருவம் மாறின. 2017இல் புது ஐம்பது ரூபாய், 2018 ஜனவரியில் புது பத்து, ஜூலையில் நூறு, 2019இல் இருபது. நிறமும் அளவும் மாற மாற, நோட்டைப் படிக்கும் கருவிக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்புறம் எல்லோரும் கைப்பேசியில் பணம் கட்ட ஆரம்பித்தார்கள். அதற்குத் தனிக் கருவி மாட்ட வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து அலுவலகங்கள் பூட்டப்பட்டன. திறந்து பார்த்தபோது உள்ளே காலாவதியான பொட்டலங்கள். பழைய மாடல் என்பதால் அதற்குரிய சர்க்யூட் போர்டு கிடைக்கவில்லை. இறக்கிப் போட்டுவிட்டார்கள்.

முதல் மெஷினை நாலாயிரம் ரூபாய்க்கு எடுத்தேன். 280 கிலோ. பிரித்துப் பார்த்தால் திருகைவிட ஒட்டுதான் அதிகம். இரண்டு தகரத்துக்கு நடுவில் மஞ்சள் பஃப் நுரையை ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். சுரண்டினாலும் முழுசாக வராது, நுரை ஒட்டிய தகரத்துக்கு வியாபாரி கழிவு பிடிக்கிறார். பிளாஸ்டிக்கில் மூன்று நாலு வகை, எது எதுவென்று தெரியாது. காசு உள்ள பாகம் என்றால் கம்ப்ரஸரும் செம்புக் குழாயும்தான்.

அந்தக் குழாயை என் கடைப் பையன் கட்டிங் பிளேயரால் நறுக்கினான். ஸ்ஸ்ஸென்று அரை நிமிஷம் காற்று போனது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், தடுக்கவில்லை. அந்த வாயு என்னவென்று அன்று எனக்குத் தெரியாது. மெஷினின் முதுகில் ஒட்டிய சீட்டில் ஆர்-134ஏ என்று போட்டிருந்தது. பிறகு ஃபிரிட்ஜ் மெக்கானிக் நண்பர்தான் விளக்கினார். ஓசோனுக்குத் தீங்கில்லை, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுவானது. உள்ளே இருப்பது சில நூறு கிராம்தான். அந்த அரை நிமிஷத்தில் போனது சில நூறு கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மெஷினின் மொத்த எடையைவிட அதிகம்.

இப்படிப் பிரித்த முதல் மெஷினில் 1,200 ரூபாய் நின்றது. நுரையும் பிளாஸ்டிக்கும் நாலு மூட்டை. அவை எங்கே போகும் என்று கேட்டால், எங்கள் ஊரில் எல்லாக் குப்பைக்கும் ஒரே பதில், வெள்ளலூர் குப்பைக் கிடங்கு. 2024 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது சுற்று வட்டாரமே மூச்சுத் திணறியது. என் மூட்டைகளும் அந்த மலையில் எங்கோ இருந்திருக்கும். அதை நினைத்து நான் வெட்கப்படுகிறேன்.

அப்புறம் முறையை மாற்றினேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, வாயுவை உறிஞ்சும் கருவியால் சிலிண்டருக்கு இறக்கிய பிறகே குழாயைத் தொடுகிறோம். சர்க்யூட் போர்டுகளைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் தருகிறேன். வயரை எரித்துச் செம்பு எடுப்பது என் கடையில் கிடையாது. இவ்வளவும் செய்தால் ஒரு மெஷினில் லாபம் நிற்பதில்லை. சில சமயம் கையிலிருந்து போகிறது. குழாயை நறுக்குகிற கடைக்காரர் என்னைவிட ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து எடுத்துக்கொள்கிறார். அலுவலகங்களும் அதிக விலை சொல்பவருக்கே தள்ளிவிடுகின்றன. தப்பு அவர் ஒருவர் மேல் மட்டும் இல்லை.

அந்தப் பழைய எடை மெஷின்கள் ஆறையும் ஒன்றரை நாளில் கடைசித் திருகுவரை பிரிக்க முடிந்தது. ஆறு வயது மெஷினை நேர்மையாகப் பிரித்தால் நஷ்டம். இதை முன்னேற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. செய்கிறவர் விற்பதை மட்டும் யோசிக்கிறார், வாங்குகிறவர் வாடகையை மட்டும் யோசிக்கிறார், அதைப் பிரிக்கப்போகிற பையனின் கையை யாருமே யோசிப்பதில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள் தயாரிப்பாளரின் தலையில்தான் பொறுப்பை வைக்கின்றன. விதி நல்ல விதி. உக்கடத்துச் சந்து வரைக்கும் அது இன்னும் நடந்து வரவில்லை.

அலுவலகம், கல்லூரி, ஆஸ்பத்திரிகளில் மெஷின் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களே, வாங்குகிற அன்றைக்கே அதன் கடைசி நாளைப் பற்றியும் கேளுங்கள். பழுதானால் பாகம் எத்தனை வருடம் கிடைக்கும், கடைசியில் யார் திருப்பி எடுப்பார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பழையதை எங்களைப் போன்ற கடைக்குக் கொடுக்கும்போது ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்காதீர்கள். அதற்குப் பதில், வாயுவை இறக்கியதற்கு மெக்கானிக்கின் ரசீதைக் கேளுங்கள். ரசீது தர முடியாதவர் நானே ஆனாலும் மெஷினைக் கொடுக்காதீர்கள்.