எங்க மணலைப் பார்க்க இரண்டு பஸ்

திருவொற்றியூரில் என் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஆனாலும் காணும் பொங்கலன்று கடல் பார்க்க நாங்கள் பாரிமுனையில் இறங்கி, இரண்டு பஸ் மாறி மெரினாவுக்குப் போகிறோம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வடசென்னைக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள்; அவர்களும் அதே பஸ்ஸில்தான் தொங்கிக்கொண்டு வருவார்கள்.

எங்கள் பக்கம் கடல் உண்டு, கரைதான் கிடையாது. கரை இருந்த இடத்தில் லாரி லாரியாகக் கொட்டிய கருங்கல். தூண்டில் வளைவு போட்ட சில இடங்களில் மட்டும், போனால் போகிறதென்று கொஞ்சம் மணல் தேங்கி நிற்கும். முதுகுக்குப் பின்னால் துறைமுகத்துக்குக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரி வரிசை. அந்தக் கல் இடுக்கில் பிள்ளையை விளையாட விடுவதென்றால் பெற்றவள் மனசும் கருங்கல்லாக இருக்க வேண்டும்.

இதற்குக் கடலைக் குறை சொல்லக் கூடாது. இந்தக் கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து போவது வழக்கம். 1870களில் வெள்ளைக்காரன் அதன் குறுக்கே துறைமுகச் சுவர் எழுப்பினான். வடக்கே வரவேண்டிய மணல் சுவரில் முட்டித் தெற்கே குவிந்தது. வரவு நின்றுபோன வடக்கில், கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. குவிந்த பக்கத்தில் ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் உலாவுவதற்கு ஒரு பாதை போட்டு, இத்தாலி நினைப்பில் ‘மெரினா’ என்று பெயர் வைத்தார். தின்னப்பட்ட பக்கத்துக்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆக, வில்லங்கம் போட்டுப் பார்த்தால் மெரினாவில் கிடப்பது எங்கள் மணல். வருஷத்துக்கு ஒருமுறை போய், அதைக் காலால் தொட்டுவிட்டு, வந்த வழியே திரும்புகிறோம்.

‘குறைந்த செலவில் குடும்பத்தோடு ஒருநாள்’ என்று வாரப் பத்திரிகைகள் யோசனை சொல்கின்றனவே, அதற்கு நாங்கள் முன்மாதிரிக் குடும்பம். போன பொங்கலின் கணக்கு இது. அம்மா, மனைவி, மகள் மூவருக்கும் மகளிர் சீட்டு, காசில்லை. எனக்கும் பையனுக்கும் மட்டும் டிக்கெட். புளிசாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் வீட்டிலிருந்து. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் ஐந்து பொட்டலம், 100 ரூபாய். ராட்டினம் பிள்ளைகள் இருவருக்கும் 100. பலூன் சுட்டதில் பையன் தோற்றது 30. அம்மா இரண்டு முறை கழிப்பறை போனதில் 20. கடல் பார்த்த வகையில் 0.

அந்த பூஜ்யம்தான் பெரிய மனிதர்கள் பலருக்குக் கண்ணில் விழுந்த மணலாக உறுத்துகிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, குறைந்தபட்ச பில் இல்லை. ஒரு குடும்பம் ஆறு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுச் சிரித்துவிட்டுப் போகிறது. இது எப்படி ஒரு நாகரிக நகரத்தில் அடுக்கும்?

அதனால் எங்களை ஒழுங்குபடுத்துகிறார்கள். தண்ணீரில் இறங்காமலிருக்கச் சவுக்குக் கட்டை கட்டுகிறார்கள். ஆளை விழுங்குகிற கடல், அது நியாயம். பிள்ளை தொலைந்தால் தேட, போன் நம்பர் எழுதிய பட்டையைக் கையில் கட்டிவிடுகிறார் போலீஸ்காரர். அதற்கும் ஒரு கும்பிடு. என் மகள் அதை வளையல் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்க ஆயாவுக்கும் ஒண்ணு கட்டுங்க சார், அதுதான் அடிக்கடி காணாமப்பூடும்” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே அம்மாவுக்கும் கட்டினார். அரசாங்கம் எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மெரினாவில் நிரந்தரமாகத் தங்க வழி உண்டா என்றால், உண்டு. முதலமைச்சராக இருந்து காலமாக வேண்டும். நான்கு பேருக்கு அந்த பாக்கியம் கிடைத்திருக்கிறது. அவர்களில் ஒருவருக்குக் கரை போதாதென்று, கடலுக்குள்ளேயே 134 அடிப் பேனா நிறுத்த 81 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் என்றால் சங்கடம். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு அந்த மணலில் கூடி உட்கார்ந்து ஒரு கோரிக்கை சொல்ல வழியில்லை. செத்தவர்களுக்கு இடம், இருப்பவர்களுக்குச் சுண்டல்.

நடுநடுவே இந்தக் கரைக்கு ‘அழகுபடுத்தும்’ காய்ச்சல் வரும். 1985இல் வந்தபோது, கட்டுமரமும் வலையும் அழகைக் கெடுப்பதாகக் கண்டுபிடித்தார்கள். அகற்றப் போன விவகாரம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, மீனவர்கள் பிணமானார்கள். 2023இல் நொச்சிக்குப்பம் லூப் சாலையின் மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று தூக்கினார்கள். குப்பம் முதலில், சாலை பிறகு. மீனுக்கு நடுவே வந்து நின்றது கார்தான். அவர்களுக்கென்று கட்டிக்கொண்டிருந்த அங்காடி முடிவதற்குள் கடையைத் தூக்கியதால் மக்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். 366 கடையோடு அந்த அங்காடி திறக்க மறுவருஷம் ஆகஸ்ட் ஆனது.

இப்போது அடிப்பது நீலக்கொடிக் காய்ச்சல். கரை சுத்தமென்று, டென்மார்க்கில் தலைமையகம் வைத்திருக்கும் அமைப்பு தருகிற சான்றிதழ். 2021இல் கோவளம் வாங்கிவிட்டது. மெரினாவிலும் ஒரு பகுதியில் மூங்கில் குடையும் நாற்காலியும் போட்டாயிற்று. சுத்தமான கரை கசக்குமா எங்களுக்கு? ஆனால் கூவம் வந்து கலக்கிற கரையில் குடை நடுவது, சீழ் பிடித்த புண்ணின் மேல் சந்தனப் பொட்டு வைக்கிற வைத்தியம்.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். 2024 அக்டோபர் 6ஐ அப்படி எழுத வரவில்லை.

மெரினாவில் விமானப்படையின் வான் சாகசம். அனுமதி இலவசம், ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு வரலாம். லிம்கா சாதனைப் புத்தகத்துக்குத் தலை எண்ணிக்கை வேண்டியிருந்தது. அந்த ஒருநாள் மட்டும் எங்கள் கூட்டம் இடைஞ்சலாகத் தெரியவில்லை, பெருமையாகத் தெரிந்தது. சனம் லட்சக்கணக்கில் வந்தது, கைக்குழந்தையோடு வந்தது. முக்கியஸ்தர்களுக்குப் பந்தல். மற்றவர்களுக்கு உச்சி வெயில். தண்ணீருக்கு அலைந்தார்கள், திரும்பிப் போக ரயிலுக்கு முட்டி மோதினார்கள். ஐந்து பேர் செத்துப்போனார்கள். குடை, தொப்பி, தண்ணீர் எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தோமே என்று விளக்கம் வந்தது. அதாவது, தப்பு செத்தவர்கள் பேரில்.

விமானத்தை வானத்தில் தலைகீழாக ஓட்டத் தெரிந்த நாட்டுக்கு, தரையில் நிற்கிறவன் தாகத்துக்குத் தண்ணீர் வைக்கத் தெரியவில்லை. கூட்டத்தை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, கூட்டத்தில் இருப்பது ஆள் என்பது தெரியவில்லை. செலவில்லாத குடும்பச் சுற்றுலாவாம். அந்த ஐந்து வீட்டுக் கணக்கை எந்தப் புத்தகத்தில் எழுதுவீர்கள், சாதனைப் புத்தகத்திலா?

எங்கள் பக்கம் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அங்கே வேடிக்கை காட்டவும் வரமாட்டார்கள், அழகுபடுத்தவும் வரமாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து இறங்கியது. படகெல்லாம் கறுப்பு, வலையெல்லாம் பிசுக்கு. மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் அதை அள்ளினார்கள். அந்தக் கரைக்கு எந்த நிறத்துக் கொடி கொடுப்பது என்று டென்மார்க்கில் இன்னும் யோசிக்கவில்லை போலும்.

போன பொங்கலன்று மெரினாவிலிருந்து இருட்டிய பிறகு கிளம்பினோம். கடைசிப் பொட்டலச் சுண்டலைப் பையன் பஸ்ஸில் தின்றான். அம்மா கைப்பட்டையை அவிழ்க்க விடவில்லை. “கிடக்கட்டும், நம்பர் எழுதியிருக்குது” என்றாள். மகள் மடியை இறுக்கிப் பிடித்தபடி தூங்கிவிட்டாள்.

வீட்டு வாசலில் நிறுத்தி, பாவாடையை உதறச் சொன்னாள் என் மனைவி. மடியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. துடைப்பத்தை எடுக்கப் போனவளை, “இருக்கட்டும்” என்று தடுத்தேன். நூற்றைம்பது வருஷமாகச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது, மகளிர் சீட்டில் காசில்லாமல் ஊர் வந்து சேர்ந்திருக்கிறது.