முதலில் யார் முகத்தைப் பார்க்கிறாள்?

கே: எதிர்வீட்டில் நம்ம ஊர் வெள்ளை நாய். கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் என் ஒன்றரை வயது மகள் அதைக் கண்டாலே வீறிடுகிறாள். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?
(ஒரு அம்மா, ராஜபாளையம்)

ப: நாயைக் கண்டதும் அழுகிறாளா, உங்கள் முகத்தைக் கண்டபின் அழுகிறாளா? 1985-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளியானது. கண்ணாடி மேடை; பாதிக்கு அப்பால் கீழே பள்ளம் இருப்பதுபோல் தெரியும். ஒரு வயதுக் குழந்தைகள் விளிம்பில் தயங்கி, எதிரே நின்ற அம்மாவைப் பார்த்தன. அம்மா சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 தவழ்ந்து கடந்தன. பயந்த முகம் காட்டியபோது 17-இல் ஒன்றுகூடக் கடக்கவில்லை. 'நாய்கள் ஜாக்கிரதை' பலகையை எதிர்வீட்டுக் கேட்டில் மாட்டட்டும். நீங்கள் முகத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கே: கோபத்தில் பையனை அடித்துவிடுகிறேன். பிறகு மனசு கேட்காமல் பால்கோவா வாங்கித் தருகிறேன். சரிதானே?
(ஓர் அப்பா, ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: உங்கள் ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மன்னிப்புக் குறியீடு இன்னும் கிடைக்கவில்லை. "அடிச்சது என் தப்புடா" என்று முதலில் வாய் திறந்து சொல்லுங்கள். அப்புறம் கால் கிலோ வாங்கலாம்.

கே: மனைவி இறந்து இரண்டு வருடம். மகள் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொள்கிறேன். ஆம்பளை அம்மாவாக முடியுமா?
(ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: எந்த ஊரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள்! உங்கள் ஊர்த் துளசி வனத்தில் கண்டெடுத்த ஆண்டாளை வளர்த்தவர் பெரியாழ்வார். அவரே யசோதையாகிக் கண்ணனைத் தாலாட்டினார். யாரும் மீசையை விசாரிக்கவில்லை. மகள் சூடிப் பார்த்த மாலையைக் கண்டு மனம் நொந்தார், பிறகு அதையே பெருமாளுக்குக் கொண்டு போனார் என்பது கதை. நொந்ததை அவர் மகளிடம் மறைக்கவில்லை. நீங்களும் அழுங்கள். அம்மாவை நினைத்து அழுகிறேன் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் தன்னால்தான் அப்பா அழுகிறார் என்று பிள்ளை கணக்குப் போடும்.

கே: குழந்தைக்கு மூன்று மாதம். எதிலும் ஒட்டாமல் அழுதுகொண்டே இருக்கிறேன். "உட்கார்ந்து சாப்பிடுற திமிரு" என்கிறார் மாமியார்.
(ராஜபாளையம்)

ப: இதற்கு நக்கலாகப் பதில் எழுத மாட்டேன். திமிர் இல்லை தாயி. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சையில் குணமாகும். மனநல உதவி எண் 14416-க்கு இன்றே பேசுங்கள்; கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். அரசு மருத்துவமனையிலும் கேளுங்கள். மாமியாருக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

கே: நாங்கள் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் சண்டை போடுவோம்!
(மில் தொழிலாளி, ராஜபாளையம்)

ப: தூங்கியதாக யார் சொன்னது? சண்டையை ஒட்டுக்கேட்ட பிள்ளைக்குச் சமாதானத்தையும் பார்க்க உரிமை உண்டு. நாளைக் காலை வீட்டில் காபி நீங்கள் போடுங்கள், பிள்ளைகள் எழுந்த பிறகு.